நாளுக்கொரு ஒட்டுப்படம்



காணி உறுதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், வாழ்வாதார உதவி என்று கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் அலைய வேண்டிய விடயங்களையே இந்தப் பக்கத்தில் அதிகம் எழுதி வந்திருக்கின்றேன். இம்மாதம் எந்தப் படிவமும் நிரப்பத் தேவையில்லாத, எவரிடமும் கையெழுத்து வாங்கத் தேவையில்லாத ஒரு வேலையைப் பற்றி எழுதுகின்றேன். பழைய புத்தகங்களில் உள்ள படங்களை வெட்டி, வேறு விதமாகச் சேர்த்து, ஒரு நாளைக்கு ஒரு படமாகக் கொப்பியில் ஒட்டுகின்ற வேலை அது. பாடசாலையில் இதனை ஒட்டுச்சித்திரம் என்று படித்திருப்பீர்கள். ஓவியம் படித்தவர்கள் கொலாஜ் என்பார்கள்.

"மிஸ், இது சின்னப் பிள்ளையள் செய்யிற வேலை எல்லே?" என்று உங்களில் சிலர் கேட்பது எனக்கு விளங்குகின்றது. ஹந்தானையில் நாங்கள் கூடும் சிறிய மண்டபத்திலும் முதல் நாள் அதே கேள்விதான் வந்தது. அங்கு வருபவர்கள் பதினைந்து பேரளவில். யுத்தத்தினால் வடக்கிலிருந்து வந்து கண்டியில் தங்கிவிட்டவர்கள் சிலர். 1977, 1983 வன்செயல்களுக்குப் பயந்து தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போய், அங்கும் யுத்தத்தில் கணவனையோ பிள்ளையையோ இழந்து, மறுபடியும் மலைக்குத் திரும்பிய குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் வேறு சிலர். இவர்கள் எல்லோருக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. வீட்டில் பழைய போட்டோ இல்லை. கலியாண அல்பம், பிள்ளையின் முதற் பிறந்தநாள் படம், அம்மாவின் அடையாள அட்டைப் படம் எல்லாம் ஓடிய வழியில் போய்விட்டன.

போட்டோ இல்லாத வீட்டில் நினைவு எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? இந்தக் கேள்விதான் எங்களைக் கத்தரிக்கோலுக்குக் கொண்டுவந்தது.

எங்களுக்குப் புதியதல்ல

ஒட்டுவது வெளிநாட்டிலிருந்து வந்த கலை என்று எவரும் நினைக்க வேண்டாம். மலைநாட்டு லயன் காம்பராக்களின் சுவர்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அடுப்புப் புகையையும் சுவர் வெடிப்பையும் மறைப்பதற்காகப் பழைய பத்திரிகைத் தாள்களை ஒட்டி, அதற்கு மேல் கலண்டர் முருகனையும் சினிமா நடிகையையும் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டி வைத்தவர்கள் எங்கள் பாட்டிமார். எந்தப் படத்துக்கு அருகில் எந்தப் படம் வர வேண்டும் என்று அவர்கள் தீர்மானித்தார்கள். அதற்கு ஒரு பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

தமிழ்நாட்டிலும் இதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. ஓவியர் இரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் ஒன்றைத் தொடங்கியபின், இலட்சுமி, சரஸ்வதி படங்கள் குறைந்த விலையில் வீடுகளுக்கு வந்தன. வாங்கியவர்கள் அவற்றை அப்படியே மாட்டிவிடவில்லை. படத்திலிருந்த சேலைக்கு மேல் உண்மையான துணியை வெட்டி ஒட்டினார்கள். சரிகையும் மணியும் வைத்தார்கள். அச்சில் ஒரே மாதிரி வந்த இலட்சுமி, வீட்டுக்கு வீடு வேறு சேலை உடுத்தாள். அவ்வாறு துணி உடுத்திய படங்கள் இன்று அரும்பொருட்களாகச் சேகரிக்கப்படுகின்றன.

கடதாசியை வெட்டி ஒட்டுவதில் பெயர் பெற்ற ஒரு மூதாட்டியையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தைச் சேர்ந்த மேரி டிலேனி 1700இல் பிறந்தவர். பதினேழு வயதில், அறுபது வயதளவான ஒருவருக்கு விருப்பமின்றிக் கட்டிவைக்கப்பட்டார். இருபத்தைந்து வயதுக்குள் விதவையானார். பின்னர் தாமே தெரிந்து மணந்த இரண்டாவது கணவரும் 1768இல் இறந்துபோனார். 1772இல், 72ஆவது வயதில், நிறக் கடதாசிகளைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டிக் கறுப்புத் தாளில் ஒட்டிப் பூக்களைச் செய்யத் தொடங்கினார். கண் பார்வை மங்கும் வரை பத்து ஆண்டுகள் செய்தார். 985 பூக்கள் சேர்ந்தன. அவை இன்று பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எழுபத்திரண்டு வயதில் ஒருவர் தொடங்கலாம் என்றால், முப்பத்தெட்டு வயதில் "இனி என்னத்தை" என்று சொல்லும் சகோதரிக்கு நான் வேறு பதில் சொல்ல வேண்டியதில்லை.

பழைய படங்களை ஏன் எடுக்கின்றோம்?

புதிய சஞ்சிகைகளில் நிறப் படங்கள் நிறைய வருகின்றனவே, பழைய புத்தகம் எதற்கு என்று கேட்கலாம். புதிய படங்களில் பெரும்பாலானவை எதையாவது விற்கின்றன. சவர்க்காரம், கைத்தொலைபேசி, வெள்ளைத் தோல். அவற்றை வெட்டினாலும் விளம்பரத்தின் சிரிப்பு விட்டுப் போகாது. பழைய புத்தகப் படங்கள் பெரும்பாலும் கறுப்புக் கோட்டில் வரையப்பட்டவை. மரத்திலோ செப்புத் தகட்டிலோ செதுக்கி அச்சிட்டவை. எல்லாம் ஒரே நிறமாக இருப்பதனால், ஒரு புத்தகத்து மரமும் இன்னொரு புத்தகத்து வீடும் ஒன்றாகப் பொருந்துகின்றன. ஒட்டிய இடம் தெரிவதில்லை.

இந்த இரகசியத்தை நன்றாகப் பயன்படுத்தியவர் மாக்ஸ் ஏர்ன்ஸ்ட் என்ற ஜேர்மன் ஓவியர். முதலாம் உலக யுத்தத்தில் படையில் இருந்து திரும்பியவர். பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவல்களிலும் பொருட் பட்டியல்களிலும் வந்த பழைய படங்களை வெட்டி, மனித உடலில் பறவைத் தலையும் சிங்கத் தலையும் வைத்து, முழு நூல்களையே உருவாக்கினார். 1934இல் பரிசில் வெளியான அவரது நூல் ஒன்றின் தலைப்புக்குக் 'கருணையின் ஒரு வாரம்' என்று பொருள் சொல்லலாம். கிழமையின் நாட்களாகப் பிரித்து 182 படங்கள். தலைப்பில் கருணை இருந்தாலும் படங்களில் கருணை குறைவு. கௌரவமான உடுப்புப் போட்ட கனவான்களின் கழுத்துக்கு மேல் மிருகம் இருக்கின்றது. அவர்களுடைய அலங்கார அறைகளில் பெண்கள் துன்பப்படுகின்றார்கள். எங்களுக்கு அது அந்நியமான காட்சியல்ல. 1939இல் பிரான்சில், எதிரி நாட்டவர் என்ற காரணத்தினால் அவரும் முகாமில் அடைக்கப்பட்டார்.

அதே காலத்தில் பெர்லினில் வாழ்ந்த ஹன்னா ஹோக் என்ற பெண் ஓவியர் 1916 முதல் பத்து ஆண்டுகள் ஒரு பதிப்பகத்தில் பெண்கள் சஞ்சிகைகளுக்குத் தையல், பின்னல் மாதிரிகள் வரைந்து சம்பாதித்தார். வேலைக்கு வரைந்த கை, வீட்டில் அதே மாதிரியான சஞ்சிகைகளை வெட்டி, அரசியல்வாதிகளையும் தளபதிகளையும் கேலி செய்தது. நாசி ஆட்சியில் அவ்வகை ஓவியங்கள் வைத்திருப்பதே ஆபத்தாக இருந்தது. அவர் பெர்லினின் ஓரத்தில் தோட்டம் உள்ள ஒரு சிறிய வீட்டுக்குப் போய், தமது படங்களையும் நண்பர்களின் படங்களையும் ஒளித்து வைத்துக் காப்பாற்றினார். வெட்டி ஒட்டியவை சிறியவை. ஆகவே ஒளித்து வைக்க முடிந்தது. அந்த அருமை ஓடத் தெரிந்த எங்களுக்கு விளங்கும்.

புத்தகத்தை வெட்டலாமா?

இதுதான் எங்கள் மண்டபத்தில் அதிக நேரம் பேசப்பட்ட விடயம். கால் தவறிப் பட்டாலும் புத்தகத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வழக்கம் எங்களுடையது. சரஸ்வதி பூசைக்கு அடுக்கிய புத்தகத்தைப் பூசை முடியும் வரை எடுக்க மாட்டோம். அதற்கு மேல், 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களை இழந்த சமூகம் நாங்கள். அப்படியிருக்க, நாங்களே கத்தரிக்கோலுடன் ஒரு பழைய புத்தகத்தை அணுகுவது சரியா என்று ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி.

நீண்ட விவாதத்தின் பின் நாங்கள் சில விதிகளை வகுத்துக்கொண்டோம். முழுமையாக இருக்கும் பழைய புத்தகத்தை வெட்டுவதில்லை. போட்டோ கொப்பி எடுத்து, அந்தக் கொப்பியையே வெட்டுகின்றோம். கறையான் அரித்தது, முன்னும் பின்னும் கிழிந்தது, பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டது, கடலைச் சரையாகக் கைக்கு வந்தது ஆகியவற்றை மாத்திரம் நேரடியாக வெட்டலாம். ஈழத்தில் அச்சான பழைய தமிழ் நூல் எதுவாக இருந்தாலும், கிழிந்திருந்தாலும், முதலில் ஓர் ஆசிரியரிடமோ நூலகரிடமோ காட்ட வேண்டும். 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் என்ற இணைய ஆவணகம் இலங்கைத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் மின்வடிவில் சேர்த்து, இலவசமாக வாசிக்கத் தருகின்றது. உங்களிடம் இருப்பது அங்கு இல்லாத நூலாக இருந்தால், அது வெட்டுவதற்குரியதல்ல, கொடுப்பதற்குரியது.

இந்த விதிகளைக் கேட்டபின் அந்த ஆசிரியை முதல் ஆளாக ஒரு தாளை எடுத்தார். "எரிக்கிறவன் இல்லாமப் பண்ணுறான். நாங்கள் ஒண்டைப் பத்தாக்கிறம்" என்றார். அதற்கு மேல் விவாதம் நடக்கவில்லை.

கூடையை இறக்கி வைத்த பெண்

கண்டிக்கு அருகில் இருப்பதனால் எங்களுக்குப் பழைய படங்களுக்குக் குறைவில்லை. இந்த இராச்சியத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட மிகப் பழைய நூல்களில் ஒன்று றொபேட் நொக்ஸ் எழுதியது. 1660இல் கொட்டியாரக் குடாவில் தகப்பனுடன் பிடிபட்டு, பத்தொன்பது ஆண்டுகள் கண்டி அரசனின் கைதியாக இருந்தவர். ஊரிலே வாழ விடப்பட்டாலும் நாட்டை விட்டுப் போக முடியாது. தொப்பி பின்னி விற்றுப் பிழைத்தார். 1679இல் தப்பியோடி, 1681இல் இலண்டனில் நூலை வெளியிட்டார். உழுபவரும் மழைக்குத் தாளிப்பனை ஓலை பிடித்துச் செல்பவரும் அந்த நூலின் படங்களில் இருக்கின்றார்கள். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் பிடித்து வைக்கப்பட்ட ஒருவர், வீடு திரும்ப முடியாமல் கையால் பின்னிக்கொண்டிருந்தார் என்ற கதையைச் சொன்னபோது, மண்டபத்தில் பின்னல் தெரிந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்தது தேயிலைப் படங்கள். இலங்கையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் தேயிலைச் செய்கையைத் தொடங்கினார். பின்னர் தேயிலையை விற்பதற்காக ஆங்கிலப் பத்திரிகைகளிலும் விளம்பரங்களிலும் கொழுந்து பறிக்கும் பெண்ணின் படம் ஆயிரக்கணக்கில் அச்சாகியது. ஹந்தானையிலேயே 1925இல் கட்டப்பட்ட பழைய தேயிலைத் தொழிற்சாலை 2001இல் தேயிலை அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அங்கே இயந்திரங்களுக்குப் பெயரும் ஊரும் உண்டு. தோட்டத் துரைமாருக்கும் பெயர் உண்டு. பழைய படங்களில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குப் பெயர் கிடைப்பது அரிது. பேராதனையில் சமூகவியல் படித்தபோது, யார் வரைந்தார்கள், யாருக்காக வரைந்தார்கள், வரையப்பட்டவருக்கு அதில் என்ன கிடைத்தது என்று ஒவ்வொரு படத்திடமும் கேட்கக் கற்றுக்கொண்டேன். ஆனால் அந்தக் கேள்விக்குக் கத்தரிக்கோலால் பதில் சொன்னவர் முப்பது வருடம் கொழுந்து பறித்த ஓர் அம்மா.

பழைய விளம்பரம் ஒன்றின் போட்டோ கொப்பி அவருக்குக் கிடைத்தது. கூடையுடன் நின்ற பெண்ணை வெட்டி எடுத்தார். பின்பு கூடையைத் தனியாக வெட்டினார். வேறொரு புத்தகத்திலிருந்து, வெள்ளைக்காரச் சீமாட்டி உட்கார்ந்திருந்த சாய்வு நாற்காலியை எடுத்து, அதில் இந்தப் பெண்ணை வைத்தார். கூடையைக் கீழே, நாற்காலிக்குப் பக்கத்தில் ஒட்டினார். "அவ எறக்கி வைக்கட்டும் மிஸ். நூத்தம்பது வருசமா தூக்கிக்கிட்டே நிக்கிறா" என்றார். அன்று எல்லோரும் சிரித்தார்கள். பின்னர் தேநீர் வந்தபோது அவரைத்தான் முதலில் இருத்தி, அவருக்குத்தான் முதற் கோப்பையைக் கொடுத்தார்கள்.

முகம் வைக்காத படம்

எல்லாப் படமும் சிரிப்பைத் தருவதில்லை. முல்லைத்தீவுப் பக்கத்துத் தாய் ஒருவர் எங்களோடு இருக்கின்றார். மகன் 2009இலிருந்து இல்லை. இருக்கின்றாரா இல்லையா என்று சொல்ல எவரும் இல்லை. அவருடைய ஒரு போட்டோ கூடத் தாயிடம் இல்லை. இரண்டு கிழமையாக அவர் ஒன்றும் ஒட்டவில்லை, மற்றவர்களுக்குத் தாள் வெட்டிக் கொடுத்துக்கொண்டு மாத்திரம் இருந்தார். பின்பு ஒரு நாள் பழைய வாசிப்புப் புத்தகம் ஒன்றிலிருந்து, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இளைஞனின் படத்தை எடுத்தார். உடம்பை ஒட்டினார், சைக்கிளை ஒட்டினார், பின்னால் ஒரு பனையை ஒட்டினார். முகத்தை மாத்திரம் நகம் போல் சுற்றி வெட்டி எடுத்துவிட்டார். அந்த இடம் வெறும் தாளாக இருந்தது.

வேறு முகம் ஒன்று பார்க்கலாமா என்று பக்கத்திலிருந்தவர் கேட்டதற்கு, "அவன்ர முகம் இதில இல்லையே. ஆற்றையோ முகத்தை நான் ஏன் வைப்பான்?" என்றார்.

சகோதரிகளே, இதற்கு நான் விளக்கம் எழுதப் போவதில்லை. ஒன்றை மாத்திரம் சொல்ல வேண்டும். சில காலத்தின் பின் வெளியிலிருந்து வந்த ஒருவர், அறிக்கையில் போடுவதற்கு நல்ல படம் என்று சொல்லி, கைத்தொலைபேசியை எடுத்தார். அந்தத் தாய் கொப்பியை மூடிவிட்டார். வந்தவருக்கு முகம் சுருங்கியது. எங்களில் சிலருக்கும், "ஒரு படம்தானே, விட்டிருக்கலாம்" என்று தோன்றியது. நான் அப்படி நினைக்கவில்லை. எங்கள் கண்ணீரைப் படம் பிடித்தவர்கள் நிறையப் பேர். எங்களைக் கேட்டுப் பிடித்தவர்கள் குறைவு. நீங்கள் செய்த படம் உங்களுடையது. காட்டலாம், காட்டாமல் விடலாம், எரிக்கலாம். சம்மதம் என்பது கையெழுத்துப் போடும் தாளில் இல்லை. மூடும் உரிமையில் இருக்கின்றது.

இதே விடயத்தை மறுபக்கமாகச் செய்த பெண்களும் உண்டு. சிலி நாட்டில் 1973இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்தபின் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் காணாமல் ஆக்கப்பட்டார்கள். அவர்களின் தாய்மாரும் மனைவிமாரும் சந்தியாகோ நகரில் கூடி, சாக்குத் துணியின் மேல் பழைய துணித் துண்டுகளைத் தைத்துப் படங்கள் செய்தார்கள். வீடு, பின்னால் மலை, வாசலில் நின்று "எங்கே அவர்கள்?" என்று கேட்கும் பெண்கள். 1976இல் கத்தோலிக்கத் திருச்சபை அமைத்த மனித உரிமை அலுவலகம் அவர்களுக்கு இடம் கொடுத்தது. பத்திரிகைகள் எழுத முடியாததை அந்தத் துணிகள் வெளிநாடுகளுக்குக் கொண்டுபோயின. விற்ற காசு வீட்டுக்கு அரிசியாக வந்தது. அவர்கள் உலகத்துக்குக் காட்டினார்கள், எங்கள் தாய் கொப்பியை மூடினார். இரண்டையும் தீர்மானித்தவர்கள் செய்தவர்களே. அதுதான் முக்கியம்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிக்கும் தா. சனாதனன், இடம்பெயர்ந்தவர்களிடம் அவர்கள் இழந்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து வரையச் சொல்லி, அவற்றை 2011இல் ஒரு நூலாக்கினார். முழுமைபெறாத தோம்பு என்பது அதன் தலைப்பின் பொருள். தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. அரசாங்கத்தின் பதிவேட்டில் வேலியும் பரப்பும் இருக்கும். கிணற்றடியில் நின்ற மாதுளை இருக்காது. அதைப் பதிவது எங்கள் வேலை.

தினமும் ஏன்?

கிழமைக்கு ஒரு நாள் மண்டபத்தில் செய்தால் போதாதா என்று கேட்பார்கள். போதும், ஆனால் தினமும் செய்வதில் வேறொரு பயன் உண்டு. காத்திருப்பவர்களுக்கு நாட்கள் எல்லாம் ஒரே மாதிரி. நேற்று எது, முந்தாநாள் எது என்று தெரியாமல் மாதம் போய்விடும். கொப்பியில் திகதி போட்டு ஒரு படம் ஒட்டினால், அந்த நாளுக்கு ஓர் அடையாளம் வந்துவிடுகின்றது. மூன்று மாதத்தின் பின் புரட்டிப் பார்க்கும்போது, கறுப்பாக இருந்த நாட்களுக்கு நடுவே ஒரு மாம்பழமும் ஒட்டப்பட்டிருப்பது தெரிகின்றது. அது அன்று எங்களுக்குத் தெரிந்திருக்காது.

இன்னொன்று, வரையத் தெரியாது என்ற பயம் இதில் இல்லை. வெறும் தாளைப் பார்த்து எதை வரைவது என்று திகைக்க வேண்டியதில்லை. படங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. எதை எடுப்பது, எதை விடுவது, எதற்குப் பக்கத்தில் எதை வைப்பது என்பது மாத்திரமே உங்கள் முடிவு. எங்கே தங்குவது, எந்த வரிசையில் நிற்பது, எப்போது ஊருக்குப் போவது என்று எல்லாவற்றையும் மற்றவர்கள் தீர்மானித்த வருடங்களை வாழ்ந்தவர்களுக்கு, ஒரு உள்ளங்கையளவு தாளில் தாங்களே தீர்மானிப்பது சிறிய விடயமல்ல.

செய்யும் முறை

தேவையானவை: ஒரு சீ.ஆர். கொப்பி, சிறிய கத்தரிக்கோல், பசை, படங்களைப் போட்டு வைக்கப் பழைய கடித உறைகள்.

பசைக்குக் கடைக் கம் வாங்க வேண்டியதில்லை. ஒரு பங்கு கோதுமை மாவை ஐந்து பங்கு தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மெல்லிய நெருப்பில் துழாவிக்கொண்டே காய்ச்சுங்கள். வெள்ளை நிறம் போய்க் கண்ணாடி போல் வரும்போது இறக்கி, ஒரு சிட்டிகை படிகாரத் தூள் போட்டு ஆறவிடுங்கள். புத்தகம் கட்டுபவர்கள் பூச்சி வராமல் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது நஞ்சு. பிள்ளைகள் உள்ள வீட்டில் வேண்டாம். இரண்டு மூன்று நாளுக்கு மேல் பசையை வைத்திருக்கவும் வேண்டாம், புளித்துவிடும்.

பசையை மெல்லியதாகப் பூசுங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்குத் துணியால் ஒற்றி அழுத்துங்கள். வெயிலில் வைத்தால் தாள் சுருளும். மேலே ஒரு வெறுந்தாள் வைத்து, அம்மிக்கல் போன்ற பாரத்தின் கீழ் ஓர் இரவு வையுங்கள். எங்கள் மலையில் பனி மூட்டத்துக்குக் கொப்பி பூஞ்சணம் பிடிக்கும். காய்ந்த வேப்பிலையைத் தாள்களுக்கிடையில் வைத்து, காற்றுப்படும் இடத்தில் வையுங்கள்.

கையில் காயப்பட்டவர்களும் ஒரு கையை இழந்தவர்களும் கத்தரிக்கோல் இல்லாமலே செய்யலாம். தாளின் மேல் ஒரு கல்லை வைத்து, வேண்டிய இடத்தில் ஈரவிரலால் கோடு இழுத்துக் கிழித்தால் மெல்லிய ஓரத்துடன் அழகாகக் கிழியும். எங்களில் ஷெல் பட்டு வலது கையை இழந்த தங்கை ஒருவர் அப்படித்தான் செய்கின்றார். அவருடைய மேகங்களைப் போல் எங்களில் எவராலும் வெட்ட முடிவதில்லை.

படங்களைத் தனித்தனி உறைகளில் பிரித்து வையுங்கள்: மரம், வீடு, மனிதர், மிருகம், பாத்திரம் என்று. ருமேனியாவில் சர்வாதிகார ஆட்சியின் உளவுத்துறையினால் துன்புறுத்தப்பட்டு 1987இல் வெளியேறிய எழுத்தாளர் ஹேர்டா முல்லர், சஞ்சிகைகளிலிருந்து சொற்களை வெட்டி, அகரவரிசையில் லாச்சிகளில் போட்டு வைத்து, அவற்றை ஒட்டியே கவிதை செய்கின்றார். 2009இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். பழைய சரித்திரப் புத்தகங்களில் துப்பாக்கி, படை, பிணம் நிறைய வரும். அவற்றை ஓர் உறையில் போட்டு மேலே எழுதி வையுங்கள். வேண்டியவர் திறக்கட்டும். வேண்டாதவர் கண்ணில் அது திடீரென்று படக்கூடாது.

ஒரு நாளைக்கு அரை மணி நேரம் போதும். படத்தின் பின்னால் திகதி எழுதுங்கள். தவறவிட்ட நாளுக்காக மறுநாள் இரண்டு செய்ய வேண்டாம். இது கடன் அல்ல.

இதில் வருமானம் உண்டா?

இதைக் கேட்காத சகோதரி இல்லை. மறைக்காமல் சொல்கின்றேன். வாழ்த்து மடல்களாகச் செய்து விற்றால் சிறு தொகை கிடைக்கலாம். இதை நம்பிக் கடன் எடுக்க வேண்டாம். விற்பதானால் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஆக்கியவர் இறந்து எழுபது ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. நொக்ஸ் காலத்துப் படங்களுக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் அம்புலிமாமாவில் விக்கிரமனும் வேதாளமும் வரைந்த சங்கர் 2020இல்தான் காலமானார். அந்தப் படங்கள் உங்கள் கொப்பிக்குள் இருக்கட்டும், கடைக்குப் போக வேண்டாம்.

போட்டோ கொப்பி விலையும் ஏறிவிட்டது. 2022இல் கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். ஆகவே ஒரு தாளில் நான்கு படங்களைச் சுருக்கி எடுத்து, நான்கு பேர் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஒட்டுப்படம் செய்ய முடியாதவை

ஒட்டுப்படம் மருந்தல்ல. தொடர்ந்து நித்திரை வராமல், சாப்பாடு செல்லாமல், சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால், கொப்பியை வைத்துவிட்டு அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள். போக முடியாவிட்டால் 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள். வீட்டில் அடி, உதை, மிரட்டல் என்றால் 1938 பெண்கள் உதவி இலக்கம் இருக்கின்றது.

ஒட்டுப்படம் நீதியும் அல்ல. 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியில் வீதியோரத்தில் அமர்ந்த தாய்மார் கேட்டது பதிலை. காணாமல் போனோர் அலுவலகத்துக்கான சட்டம் 2016இல் வந்தது. அதன் பின்பும் பதில் கிடைக்காத தாய்மார் இருக்கின்றார்கள். "மனதுக்கு ஆறுதலாக ஏதாவது செய்யுங்கள்" என்று சொல்லி அந்தக் கேள்வியை மறக்கச் செய்ய எவராவது இந்தக் கொப்பியைப் பயன்படுத்தினால், கொப்பியை மூடிவிட்டுக் கேள்வியைக் கையில் எடுங்கள். அந்த முல்லைத்தீவுத் தாய் முகத்தின் இடத்தை வெறுமையாக விட்டது, அந்த இடம் இன்னும் நிரப்பப்படவில்லை என்பதனால்தான். அதை நிரப்பும் பொறுப்பு அவருடையது அல்ல.

இம்மாதம் ஒரு கொப்பியை எடுங்கள். முதற் பக்கத்தில் இன்றைய திகதியை எழுதுங்கள். வீட்டில் கிழிந்த புத்தகம் இல்லாவிட்டால் பாண் சுற்றி வந்த தாளிலிருந்தும் தொடங்கலாம். பக்கத்து வீட்டுச் சகோதரியையும் கூப்பிட்டு இருத்துங்கள். ஒரு கத்தரிக்கோல் இரண்டு பேருக்குப் போதும். செய்த படத்தை எங்களுக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்க மாட்டேன். செய்தீர்கள் என்று ஒரு வரி எழுதினால் மகிழ்வேன்.

அடுத்த மாதம் சந்திப்போம்.